திரை இல்லாத மூலை

மலேசியாவின் சிரம்பானில் நான் படித்த கல்லூரியின் வேதியியல் துறையில், இறுதியாண்டு ஆய்வுக்கு மூன்று பேராகச் சேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். எங்கள் மூவரையும் சேர்த்தது எண்ணெய். என் தோழியின் தந்தை சி ரூசாவில், போர்ட்டிக்சன் கடற்கரைச் சாலையோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பொரித்து மிஞ்சிய பழைய எண்ணெய் அங்கே டின் டின்னாகக் கிடைக்கும். எங்கள் இரு பெண்களுடன் சேர்ந்த மாணவன் பெடாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை. அவனுடைய அண்ணன் எண்ணெய் ஆலையில் இருந்ததால், ஒப்பிட்டுப் பார்க்கப் புது எண்ணெய் அவன் கொண்டுவருவான். பழைய எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுத்துப் பார்க்கலாம் என்பது தோழியின் யோசனை. என்னிடம் எண்ணெயும் இல்லை, யோசனையும் இல்லை. ரந்தாவுக்கு அருகே, அப்பா லாரி ஓட்டிய தோட்டத்திலிருந்து பஸ் மாறிப் படிக்க வந்த எனக்கு நல்ல கையெழுத்து மட்டும் இருந்தது. அதற்காகத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டதாகத் தோழி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் குள்ளம். ஆய்வுக்கூட மேசை அவள் மார்பளவுக்கு வரும். ஆனால் அங்கே அவள் குரல்தான் பெரியது. பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் விடமாட்டாள். "கண்ணு நெத்தியிலயா இருக்கு?" என்று கேட்பாள். தலையை மூடும் துடோங்கை மடித்துக் கோட்டுக்குள் செருகி, இரண்டு ஊசி குத்தி, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்ட பிறகுதான் எரிவாயுக் குழாய்ப் பக்கம் போவாள். தொங்கும் துணி தீப்பிடிக்கும், ஆகவே துணியை உள்ளே செருக வேண்டும் என்பது துறையின் விதி. அவ்வளவு ஒழுங்காக அந்த விதியைக் கடைப்பிடித்தவர்கள் வேறு யாரும் இல்லை.

பெடாஸ் பையன் அவளுக்கு நேர் எதிர். நல்ல உயரம், பேச்சு குறைவு. இறுகிப்போன மூடியைத் திறக்க வேண்டுமா, கனமான ஜாடியைத் தூக்க வேண்டுமா, பக்கத்து மேசைக்காரர்கள்கூட அவனைத்தான் கூப்பிடுவார்கள். அலுத்துக்கொள்ளாமல் போவான். தோட்டத்தில் விடுமுறை நாள்களில் அப்பாவுடன் செம்பனைக் குலை ஏற்றிப் பழகிய கை. அவன் கொண்டுவரும் புது எண்ணெய் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஒரு முறை அது என் பைக்குள் கொட்டி, நான் தேவாலயத்துக்குப் போட்டுப் போகும் வெள்ளைச் சட்டையில் பிடித்த கறை கடைசி வரை போகவே இல்லை. அம்மா அந்தச் சட்டையைக் காட்டிக் காட்டியே, "இதத்தான் காலேஜில சொல்லித் தராங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலாண்டின் முதல் வாரத்தில் எங்கள் விரிவுரையாளர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தைச் சுற்றிக் காட்டியிருந்தார். அவர் மலாய்க்காரர், நிதானமானவர். தீயணைப்புக் கருவி எங்கே, கண் கழுவும் குழாய் எங்கே, முதலுதவிப் பெட்டி எங்கே என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தார். கதவுக்குப் பக்கத்து மூலையில் அவசர ஷவர் இருந்தது. மேலே பெரிய தகட்டு வாய், கீழே இழுப்பதற்கு ஒரு கம்பி. விளையாட்டுக்கு இழுத்தால் இழுத்தவரே தரையைத் துடைக்க வேண்டும் என்றார். எல்லாரும் சிரித்தோம். அமிலம் மேலே பட்டால் உடனே ஆடையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் நிற்க வேண்டும் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. நாங்கள் அதைப் பரீட்சைக்குப் படித்தோம். யாருடைய ஆடை, யார் முன்னால் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த மூலைக்கு நேர் எதிரே நடைபாதையைப் பார்த்த கண்ணாடிச் சன்னல். போகிற வருகிறவர்கள் எல்லாரும் தெரிவார்கள்.

பழைய எண்ணெயை அப்படியே பயோடீசல் ஆக்க முடியாது. பல முறை கொதித்ததில் அதற்குள் அமிலத்தன்மை ஏறியிருக்கும். முதலில் மெத்தனாலும், சில துளி அடர் கந்தக அமிலமும் சேர்த்துப் பக்குவப்படுத்த வேண்டும். அந்த அமிலப் புட்டி தரையோடு இருக்கும் அலமாரியில்தான் இருக்க வேண்டும். அலமாரிக் கதவின் கீல் துருப்பிடித்துக் கழன்றிருந்தது, பழுதுபார்க்க ஆள் வரவில்லை. அதனால் அந்தப் பருவத்தில் மட்டும் புட்டிகளை மேசைக்கு மேலிருந்த தட்டில் வைத்திருந்தார்கள். தற்காலிகம் என்றார்கள். அமிலத்தைத் தோளுக்கு மேல் வைக்கக்கூடாது என்று தோழி ஒரு முறை ஆய்வுக்கூட உதவியாளரிடம் சொன்னாள். அவரும் ஆமாம் என்றார். அதோடு சரி.

அன்று காலை வகுப்பு. அவள் தட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு முக்காலியைத் தேடினாள். பெடாஸ் பையன் அதைக் கண்டு, "இரு, நா எடுத்துத் தரேன்," என்று அவள் தலைக்கு மேலாகக் கையை நீட்டினான். அவள் விலகவில்லை. விலக வேண்டும் என்று எங்கள் மூவருக்குமே தோன்றவில்லை. அவன் புட்டியின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினான். அதற்கு முன் எடுத்த யாரோ மூடியைத் திருகாமல் மேலே சும்மா வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். புட்டி சற்றுச் சாய்ந்தது. மூடி விழுந்தது. அமிலம் அவள் காதோரமும் தோளிலும் கொட்டியது.

அவள் கத்தவில்லை. "ஐயோ" என்று மெதுவாகத்தான் சொன்னாள். அவன் புட்டியைக் கீழே போட்டுவிடாமல் மேசையில் வைத்தான். அந்த நிலையிலும் அதை அவ்வளவு பத்திரமாக வைத்தது எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. நான் அவள் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். விரிவுரையாளர் எங்களுக்கு முன்னால் பாய்ந்துபோய்க் கம்பியை இழுத்தார். தண்ணீர் கொட்டியது. கோட்டைக் கழற்று, துணியைக் கழற்று என்று அவர் மலாயில் கத்தினார். கோட்டுப் பொத்தான்களை நான் பிய்த்தேன். கோட்டு வந்துவிட்டது. துடோங் வரவில்லை. அவள் இரண்டு கையாலும் அதைத் தாடைக்குக் கீழே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம். எல்லாரும் இருக்காங்க," என்றாள்.

அமிலம் அந்தத் துணியில்தான் ஊறியிருந்தது. உள்ளே செருகியிருந்ததால் மேலே பட்டது முழுக்கக் கழுத்துக்கும் தோளுக்கும்தான் வழிந்து இறங்கியது. எனக்கு அது தெரியும். அவளுக்கும் தெரியும். நான் இழுத்தேன், அவள் பிடித்தாள். என் கை தளர்ந்துவிட்டது. அவளை முக்காடு இல்லாமல் நான் பார்த்திருக்கிறேன், அவள் வீட்டு அறையில், தலை சீவும்போது. ஆனால் இங்கே இருபது பேர் சுற்றி நின்றார்கள், சன்னலுக்கு வெளியே இன்னும் பலர் கூடிவிட்டார்கள். நான் தேவாலயத்துக்குப் போகிற கிறிஸ்தவப் பெண், அவள் தலைத் துணியைப் பறிக்க நான் யார் என்று ஏதோ ஒன்று என்னைத் தடுத்தது. அதை யோசனை என்றுகூடச் சொல்ல முடியாது. கை நின்றது, அவ்வளவுதான்.

பிறகுதான் விரிவுரையாளருக்குப் புரிந்தது. ஆண்கள் எல்லாரும் வெளியே போக வேண்டும் என்று அதட்டித் தள்ளிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். நடைபாதைக் கூட்டத்தை விரட்டிவிட்டு, சன்னலுக்கு வெளியே முதுகைக் காட்டிக் கைகளை அகல விரித்து நின்றார். உள்ளே இருந்த பெண்கள் தங்கள் கோட்டுகளைக் கழற்றி எங்களைச் சுற்றிப் பிடித்தார்கள். அப்போது அவளே கையை எடுத்தாள். நான் ஊசிகளைக் கழற்றித் துணியை உருவிப் போட்டேன். அவள் முடி முழுக்க என் கையில் விழுந்தது. கழுத்தின் ஒரு பக்கம் வெளுத்துப்போய், நடுவில் பழுப்பாக மாறியிருந்தது. ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் தண்ணீரில் நின்றோம். இருவருக்கும் குளிரில் பல் கிட்டியது.

பெரியாஸ்பத்திரியில் அவளைப் பார்த்த மருத்துவர், தண்ணீர்தான் அவளைக் காப்பாற்றியது, கண்ணாடி போட்டிருந்ததால் கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னார். துணியை முதலிலேயே எடுத்திருந்தால் கழுத்தில் இவ்வளவு ஆழம் போயிருக்காது என்றும் சொன்னார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தோழியின் தந்தை கடையிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருந்தார். இடுப்பில் கட்டிய துண்டு, சட்டையில் மஞ்சள். ராமநாதபுரக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து இளம் வயதில் வந்தவர், மார்க்கப் பற்று உள்ளவர், தொழுகை நேரத்தில் கல்லாவில் உட்காரமாட்டார். நடந்ததைச் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். துடோங்கை அவள் விடவில்லை என்று சொல்லும்போது, அவர் மனம் ஆறுதல்படும் என்று நினைத்தேன். ஆண்கள் எல்லாரையும் வெளியே அனுப்பிய பிறகுதான் எடுத்தோம், யாரும் பார்க்கவில்லை அங்கிள் என்று அழுத்திச் சொன்னேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இழுத்து எறிஞ்சிருக்கணும்மா," என்றார். "உசுருக்கு ஆபத்துன்னா அல்லாவே ஒண்ணும் கேக்க மாட்டான். நா கேப்பேனா? நா என்னைக்காவது கேட்டிருக்கேனா?"

அவர் என்னைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. உள்ளே கட்டிலில் கிடந்த மகளிடம் கேட்க முடியாததை என்னிடம் கேட்டார். பிறகு எனக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, தன் கடைப் பையனை வரவழைத்து, இருட்டுவதற்குள் என்னைத் தோட்டத்தில் காரில் கொண்டுபோய் விடச் சொன்னார்.

கல்லூரி விசாரித்தது. கீல் அந்த வாரமே சரிசெய்யப்பட்டது. புட்டிகள் தரைக்கு இறங்கின. பெடாஸ் பையனிடம் தவறு இல்லை என்று விரிவுரையாளர் எழுதிக் கொடுத்தார், எங்கள் எல்லாருக்கும் முன்னால் அவனிடம் சொல்லவும் செய்தார். மூடியைத் திருகாமல் வைத்தது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. அது யாராகவும் இருந்திருக்கலாம், எங்களில் ஒருவராகவும்.

அவன் அதன் பிறகு ஓரிரு நாள்தான் வந்தான். போன் செய்தால் எடுக்கவில்லை. மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை நான் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து பெடாஸுக்குப் போனேன். செம்மண் பாதை முழுக்கச் சேறு. அவன் வீட்டு முன்னால் குலை ஏற்றும் லாரி ஒன்று நின்றது. அவன் அம்மா எங்களை உட்காரச் சொல்லி மைலோ கலக்கிக் கொடுத்தார். என் அப்பாவும் அவன் அப்பாவும் லாரியைப் பற்றிப் பேசிக்கொண்டு வெளியே நின்றார்கள்.

அடுத்த வாரம் தேர்வு, வந்துவிடு, அவளே உன்னை வரச் சொன்னாள் என்றேன். அவள் உண்மையாகவே சொல்லியிருந்தாள். கட்டுப் போட்ட கழுத்தோடு, "அவன் மேல தப்பில்ல, போய்ச் சொல்லு" என்று இரண்டு முறை சொன்னாள்.

அவன் தலையை ஆட்டினான். "தப்பில்லன்னு எல்லாரும் சொல்றீங்க லா. தப்புன்னு ஒருத்தர் சொன்னாக்கூடத் தேவல. திட்டு வாங்கிட்டு வந்திருப்பேன்," என்றான். கொஞ்சம் கழித்து, கண்ணாடிக் குவளையை எடுத்தால் கை நடுங்குகிறது என்று சொன்னான். அவன் அம்மா அவனுக்கு மட்டும் பிளாஸ்டிக் கப்பில் மைலோ கொடுத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அவன் வரவில்லை. பட்டத்துக்கு ஒரு பருவம்தான் பாக்கி இருந்தது. அண்ணன் வேலை செய்த ஆலையிலேயே லாரிக்குச் சேர்ந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

தோழி வந்தாள். தோல் ஒட்டுச் சிகிச்சை முடிந்து, உடல் தேறி, மறு பருவத்தில் வந்தாள். எழுத்துப் பாடங்களில் எப்போதும்போல் முதலில் நின்றாள். ஆய்வுக்கூட நாளில் கோட்டு போட்டு, கண்ணாடி போட்டு, கதவு வரை என்னோடு வந்தாள். அந்த மூலையைப் பார்த்தாள். "தண்ணி தாகமா இருக்கு, குடிச்சிட்டு வந்திடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று அவள் திரும்பவில்லை. மறு வாரமும் அப்படியே. பிறகு ஆய்வுக்கூடம் இல்லாத வணிகப் படிப்புக்கு மாற்றிக்கொண்டாள். அவளைத் தடுக்க வீட்டில் யாரும் முயலவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. தண்ணீர், உணவு எல்லாம் பரிசோதிக்கும் அரசாங்க ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும் என்று அவள் பள்ளி நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். எங்கள் ஆய்வை நான் தனியாக எழுதி முடித்தேன். மூன்று பேர் பெயரையும் போட்டேன். ஒரு பெயருக்குத்தான் மதிப்பெண் வந்தது.

இப்போது நான் வேறொரு கல்லூரியில் ஆய்வுக்கூடப் பொறுப்பாளராக இருக்கிறேன். சேர்ந்தவுடன் அவசர ஷவரைச் சுற்றி ஒரு திரை வேண்டும் என்று கேட்டேன். நிர்வாகத்தில் இருந்தவர் சிரித்துவிட்டு, இது என்ன குளியலறையா என்றார். விளக்கினேன். பார்க்கலாம் என்றார். நான் காத்திருக்காமல் பசார் மாலாமில், இரவுச் சந்தையில், ஒரு குளியலறைத் திரை வாங்கி, அப்பாவைக் கொண்டு வளைகம்பி போட்டு மாட்டினேன். நீல நிறம், மீன் படம் போட்டது. புதிதாக வரும் மாணவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், படம் எடுப்பார்கள். முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டியில் மாற்று டீசட்டைகளும், கைலியும், துடோங்கும் வைத்திருக்கிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்தில் மாணவர்களுக்கு நான்தான் சுற்றிக் காட்டுகிறேன். புட்டியை எடுக்கும் முன் மூடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும், ஒருவர் தலைக்கு மேலாக எதையும் எடுக்கக்கூடாது என்று சொல்வேன். இந்தக் கம்பியை யாராவது இழுத்தால் ஆண்கள், யாராவது சொல்லும் வரை காத்திருக்காமல், வெளியே போய்விட வேண்டும், தண்ணீரில் நிற்பவர் ஆணாக இருந்தால் பெண்கள் அதேபோல் போய்விட வேண்டும் என்பேன். உள்ளே நிற்பவர் துணியைப் பற்றி யோசிக்கக்கூடாது என்பேன். ஏன் என்பதற்கு நடந்ததைச் சொல்வேன். "ஒரு மாணவி" என்று தொடங்குவேன். சொல்லச் சொல்ல அவள் வெறும் பாடமாகிவிட்டாள். கண்ணு நெத்தியிலயா இருக்கு என்று கேட்டவளை அதில் எங்கும் கொண்டுவர முடியவில்லை.

சென்ற பள்ளி விடுமுறையில் சி ரூசாவில் இருக்கும் தோழியின் கடைக்குப் போனேன். தந்தைக்கு உடம்புக்கு முடியாததால் கடையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். மேசைகள் கூடியிருந்தன, சாலையோரம் வரை வாகனங்கள் நின்றன. நன்றாக நடக்கிறது. அவள் கணவர் தந்தூரி அடுப்படியில் நின்றபடி எனக்குக் கையை உயர்த்தினார். கூட்டம் குறைந்ததும் அவள் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். துடோங்கின் ஓரத்தில், காதுக்குக் கீழே தழும்பு தெரிந்தது. அதை அவள் மறைத்துக்கொள்வதில்லை.

எங்கள் மாணவர்களிடம் வந்து ஒரு முறை பேசுவாயா என்று கேட்டேன். அதற்காகத்தான் போயிருந்தேன். நீ சொன்னால் அவர்கள் கேட்பார்கள், நான் சொன்னால் விதி சொல்வதுபோல் இருக்கிறது என்றேன்.

"நா வர மாட்டேன்," என்றாள். கோபம் இல்லை. மேசையில் சிந்தியிருந்த தேநீரை விரலால் ஓரத்துக்குத் தள்ளினாள். "நீ என்னன்னு சொல்ற அவங்ககிட்ட? நா பயந்துட்டேன்னா?"

அவள் அதிர்ச்சியில் இருந்தாள் என்று சொல்வேன் என்றேன்.

"அப்படிச் சொல்லாத. எனக்கு அதிர்ச்சி இல்ல, பயமும் இல்ல. அமிலம் என்ன செய்யும்னு எனக்கு நல்லாத் தெரியும், எரியறதும் தெரிஞ்சுச்சு. வெக்கமா இருந்துச்சு. அவ்ளோதான். வெக்கத்தால நின்னேன்னு சொல்லு. அப்பதான் அவங்களுக்குப் புரியும்."

சரி என்றேன். உன் அப்பா ஆஸ்பத்திரியில் சொன்னது தெரியுமா என்று கேட்டேன். தெரியும், பிறகு அத்தா தன்னிடமும் சொன்னார் என்றாள். "முன்னாடியே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா யாரு முன்னாடியே இதெல்லாம் பேசுவாங்க?"

பெடாஸ் பையனைப் பற்றி அவள்தான் கேட்டாள். லாரியில் போர்ட்டிக்சன் பக்கம் வருகிறவன்தானே, ஒரு நாளாவது கடைக்கு வந்தால் என்ன என்றாள். நான் அவனுக்கு அனுப்பிய செய்திகளைத் திறந்து காட்டினேன். எல்லாவற்றையும் படித்திருக்கிறான், ஒன்றுக்கும் பதில் இல்லை. அவள் என் போனை வாங்கி, தன் குரலிலேயே அவனுக்கு ஒரு செய்தி பதிவு செய்து அனுப்பினாள். கடை எங்கே இருக்கிறது என்று வழி சொன்னாள், மத்தியானம் வந்தால் கூட்டமாக இருக்கும், நாலு மணிக்கு மேல் வா என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அதற்குள் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. அவள் எழுந்து போனாள். நான் கிளம்பும்போது அவள் தட்டுகளோடு நின்றாள், தலையை மட்டும் ஆட்டினாள். அந்தச் செய்தியை அவன் மறுநாள் கேட்டிருந்தான். போனில் அது தெரிகிறது. இதுவரைக்கும் கடைக்கு வரவில்லை என்று தோழி சொல்கிறாள்.